வெள்ளையாக வந்த பஞ்சு

1

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய துண்டை விரிப்பேன். அதன்மேல் இடுக்கி, சின்னக் கத்தரிக்கோல், பல் தேய்த்து ஓய்ந்த ஒரு பிரஷ், கொஞ்சம் பஞ்சு, கிண்ணத்தில் வெந்நீர். பார்க்கிறவர்கள் யாருக்கோ காயத்துக்குக் கட்டுப் போடப் போகிறாள் என்று நினைப்பார்கள். நான் நர்ஸ்தான். ஆனால் அந்த மேசைக்கு வரும் நோயாளி என் வீட்டுக்காரருடைய வேப்.

ஊரில் இருக்கிற உங்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே அதற்குத் தடை. பார்த்தவர்களும் பார்த்ததாகச் சொல்ல மாட்டீர்கள். இங்கே இங்கிலாந்தில் சிகரெட்டை விட முடியாதவர்களுக்குக் கிளினிக்கிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். எலக்ட்ரானிக் சிகரெட் என்பார்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சாமான். கீழே பேட்டரி, மேலே நிகோட்டின் கலந்த திரவம் நிற்கும் சின்ன டேங்க், நடுவில் மெல்லிய கம்பியைச் சுருட்டிய ஒரு காயில், காயிலின் வயிற்றுக்குள் பஞ்சு. பொத்தானை அழுத்தினால் காயில் சூடாகும். பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும். அதை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பஞ்சு பழுப்பாகும், கம்பியில் கரி பிடிக்கும். அவ்வப்போது கம்பியைக் கழுவிப் பஞ்சை மாற்றாவிட்டால் தொண்டையில் தீய்ந்த வாடை அடிக்கும். கழுவுவதும் மாற்றுவதும் என் வேலை.

போன கோடை முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல இடுக்கியால் பழைய பஞ்சைப் பிடித்து இழுத்தேன். வெள்ளையாக வந்தது. முந்தின வாரம் நான் வைத்த அதே வெள்ளை. நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த இவர் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் அவர், எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. பஞ்சைத் துண்டின் ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கத்தரித்தேன்.

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. வேப்பை இழுக்கவில்லை என்றால் வேறு எதையோ இழுக்கிறார். மனைவிக்கு அப்படித்தான் தோன்றும், அதிலும் நர்ஸுக்கு.

2

இவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஹீட்டர் காயில் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தவர். வாளித் தண்ணீரில் போட்டுச் சூடாக்குகிற ராடு இருக்கிறதே, அதற்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியைச் சுற்றுவது இவர் வேலை. நான் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகிச் செம்பாக்கத்தில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ராடில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். தெருவில் யார் வீட்டு ராடு கெட்டாலும் இவரிடம்தான் வரும். எலுமிச்சைத் தோலோடு கொதிக்கவைத்துச் சுரண்டி, மொட்டைமாடிச் சுவரில் சாய்த்துக் காயவைப்பார். மழை ஓய்ந்த காலைகளில் ஏரியிலிருந்து ஒரு ஈர வாடை வரும். அந்த வாடையில் ராடுகள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். இப்போது நினைத்தால் யாரோ சொன்ன கதைபோல இருக்கிறது, என் வாழ்க்கை மாதிரி இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வர மாட்டார். தாம்பரம் பக்கம் ஒரு டீக்கடை. அங்கே பழனி இருப்பார். பழனி இவரோடு அதே யூனிட்டில் கம்பி சுற்றியவர். ஒரு டீ, ஒரு சிகரெட். ஒரு சிகரெட் என்றால் ஆளுக்கு ஒன்று அல்ல, இருவருக்கும் சேர்த்து ஒன்று. பழனி பாதி இழுத்துவிட்டு இவரிடம் கொடுப்பார். இவருடைய பேச்சு முழுவதும் அந்தப் பாதி சிகரெட்டில் கரைந்துபோகும். வீட்டுக்கு வரும்போது மிச்சம் இருப்பது புகை வாடை மட்டும்தான்.

அந்த வாடை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் என் உத்தியோகத்துக்கு அழகில்லை. ஆனால் உண்மை. படிக்கட்டில் அந்த வாடை வந்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன்.

பிறகு எனக்கு இங்கே வேலை கிடைத்தது. வடக்கே எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் ஒரு ஊர். விசா காகிதத்தில் இவருக்கு நேராக டிபெண்டன்ட் என்று போட்டிருந்தது. சார்ந்து இருப்பவர். அதைப் படித்துவிட்டு, “பரவால்ல, உன் பேர சொல்லிப் பொழைச்சிக்கிறேன்” என்று சிரித்தார். விமானத்தில் ஏறியபின் அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள் காணாமல் போயிற்று. அவருடைய கம்பி சுற்றும் சான்றிதழை இங்கே எந்த அலுவலகமும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்ட இடமெல்லாம் இன்னொரு இடத்தைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு ரொட்டி ஃபாக்டரியில் ராத்திரி ஷிஃப்ட்.

நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பார். நான் திரும்பி வரும்போது மாட்டிக்கொண்டிருப்பார். வாசல் மிதியடியில் நின்று சாம்பார் எங்கே இருக்கிறது என்று சொல்வேன். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் இருந்தால் எப்படியோ அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடியது.

3

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல், நான் வேலை பார்க்கிற அதே நுரையீரல் வார்டில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அந்த வார்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நுரையீரல் கெட்டுப்போன மனிதர்களுக்குக் கடைசிக் காலத்தில் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு அடைக்கும். மேசையில் தலையணையை வைத்து, அதன்மேல் கைகளை மடக்கிச் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். அப்படித் தூங்குகிறவர்களுக்கு முதுகு தடவிக் கொடுப்பது என் அன்றாட வேலை. அந்த முதுகுகளில் ஒன்று இவருடையதாக ஆகிவிடுமோ என்கிற பயம் அன்றைக்கு வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

தேறியதும் சிகரெட்டை விடுவதற்கான கிளினிக்குக்கு அனுப்பினார்கள். கணினிக்கு முன்னால் ஒரு இளைஞன். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டான். இவர் என் பக்கம் திரும்பி, “முழுசாவா, பாதியாவான்னு கேளு” என்றார். ஃபாக்டரியில் ஒரு போலந்துக்காரருக்கும் அந்தப் பாதிப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார். நான் அதை ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பையனுடைய திரையில் பாதிக்கு இடமில்லை. இரண்டு பேர் எச்சில் பார்க்காமல் ஒன்றைப் பங்கு போடுவார்கள் என்று எந்த அதிகாரி யோசித்திருப்பான்?

வேப் கடைக்கும் நான்தான் கூடப் போனேன். நமக்குச் சிகரெட்டும் குடிப்பது, டீயும் குடிப்பது. அந்த வேகத்தில் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் திரவப் பாட்டிலைக் காட்டி, என் கணவர் தினமும் எவ்வளவு குடிக்கலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போய், இதுவரை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, வாந்தி எடுத்தாரா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு நர்ஸாக வெட்கப்பட வேண்டிய நிமிஷம். இவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்த அலமாரியில்தான் தனியாகச் சுற்றி வைத்திருந்த காயில்களைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “கோமு, இது நம்ம திருமுடிவாக்கம் சரக்கு. குட்டி போட்ட மாதிரி இருக்கு” என்றார். ரெடிமேட் காயில் வேண்டாம், கம்பியாகவே கொடுங்கள் என்று வாங்கிவந்து, ஸ்க்ரூடிரைவர் தண்டில் சுற்றி அவரே செய்துகொண்டார். சுற்று என்றால் சுற்று, ஒன்றோடு ஒன்று இடைவெளி தெரியாமல் இருந்தது. ஆனால் அதன் துளைக்குள் பஞ்சை நுழைக்க அவருடைய தடித்த விரல்களுக்கு வரவில்லை. இப்படித்தான் அந்த வேலை என் பக்கம் வந்தது.

நான் அதைச் செய்த லட்சணத்தையும் கேளுங்கள். முதல் தடவை கரி பிடித்த காயிலைப் பார்த்ததும் எனக்கு வெள்ளிக்கிழமை விளக்கு ஞாபகம்தான் வந்தது. புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். இவர் பொத்தானை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. “ரசம் வக்கிற அன்னிக்கு மட்டும் இத குடு” என்றார்.

பஞ்சிலும் அதே கூத்து. தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து அக்கா வாங்கி அனுப்பிய விளக்குத் திரி அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தது. அதைவிடப் பொருத்தமானது உலகத்தில் உண்டா என்று ஒன்றை எடுத்து நுழைத்தேன். தீய்ந்த நாற்றம் வீடு முழுக்க. விளக்குத் திரியை இறுக்கித் திரித்திருப்பார்கள், எண்ணெய் நிதானமாக ஏற வேண்டும் என்று. இங்கே அப்படி இறுக்கினால் திரவம் ஏறுவதற்குள் பஞ்சு கருகிவிடும். திரிக்கவே கூடாது. சும்மா நீளவாக்கில் வைத்து, துளைக்குள் லேசாகப் பிடிக்கிற அளவுக்கு இழுத்துவிட்டு, நுனிகளைக் கத்தரித்து, சீவி ஓரத்தில் ஒதுக்க வேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு, ஊறும் வரை காத்திருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து தொடையில் வைத்துத் திரி உருட்டியே பழகிய கைக்கு, உருட்டாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள், வாயால் இழுப்பதற்குத் திரி போட்டுக் கொடுக்கிறேனே என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் மகள் நிவி லண்டனில் வேலை பார்க்கிறாள். வீடியோவில் இதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். “அம்மா, யூ ஆர் வாஷிங் இட்? ஜஸ்ட் பை எ நியூ ஒன்!” என்றாள். இவள் பேச்சில் இப்போது தமிழாக மிச்சமிருப்பது அம்மா, அப்பா, சாப்டேன், மூன்றும்தான். சாப்டேன் என்பதும் பாதி நாள் பொய். கழுவித் திரும்ப வைப்பதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல முயன்று, வார்த்தை கிடைக்காமல், சரி கண்ணு என்று வைத்துவிட்டேன்.

4

பஞ்சை எடுத்தபின் காயிலை எரிக்க வேண்டும். பொத்தானை விட்டு விட்டு அழுத்தினால் கம்பி சிவந்து, பிடித்திருந்த கரி சாம்பலாகும். ஆறியதும் கழற்றித் தண்ணீரில் காட்டி, பிரஷால் துலக்கி, துடைத்துக் காயவைத்து, மறுபடி ஒரு தடவை எரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவந்தால் காயில் நன்றாக இருக்கிறது. அந்தச் சிவப்பு பகல் வெளிச்சத்தில் தெரியாது என்பதால் இவர் ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெளியே தூறல். அறையில் பாதி இருட்டு. மேசை நடுவில் அரிசி அளவுக்கு ஒரு நெருப்பு மெல்ல மலர்ந்து, மெல்ல அடங்கும். மறுபடி மலரும். நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். செம்பாக்கமா, இங்கிலாந்தா, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடமா. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் யார், இவரை எனக்கு எவ்வளவு தெரியும் என்றுகூடத் தோன்றும்.

அப்போது அவர் பேசுவார். நெருப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவார், என்னைப் பார்த்து அல்ல. திருமுடிவாக்கம் ஷெட்டில் மழைநாளில் நீளக் கம்பியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கட்டிச் சிவக்கவைப்பார்களாம், அதற்குப் பக்கத்தில் பழனி தன் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று காலர் கருகிப்போனதாம். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ராடு செய்துவந்தாராம், கடையில் வாங்கியது என்று பொய் சொன்னாராம். நான் பஞ்சைக் கத்தரித்துக்கொண்டே கேட்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிவி பிறந்த நாளைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு நேரம் கழித்து வந்தார். பிரசவ வலியில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தபோது அவர்மேல் அதே புகை வாடை. டீக்கடையில் நின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். எத்தனையோ சண்டைகளில் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

“அன்னிக்கு மழ. பஸ் எதுவும் ஓடல. ரோடு பூரா தண்ணி. செருப்ப கையில புடிச்சிக்கிட்டு திருமுடிவாக்கத்துலருந்து தாம்பரம் வரைக்கும் நடந்து வந்தேன்” என்றார். “பழனி கூடவே வந்தான். பயமா இருக்கு மச்சான்னு சொன்னேன். அவன்தான் ஒண்ணு பத்த வச்சி குடுத்தான்.”

“இத ஏங்க இத்தன நாள் சொல்லல?”

“நீ கேக்கலயே. திட்டுன, கேக்கல.”

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றுவிட்டது. நான் அழுதேன். திரை மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார்.

கல்யாணமானதிலிருந்து அவர் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேசியதற்கு ஈடாகாது. பழனிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குக் கிடைக்க ஆரம்பித்தது.

5

அதனால்தான் வெள்ளைப் பஞ்சு என்னை அப்படி அடித்தது. அடுத்த ஞாயிறும் வெள்ளை. அதற்கு அடுத்ததும். திரவப் பாட்டிலும் குறையவில்லை. அவரோ ஒன்றுமே நடக்காததுபோல மத்தியானம் சாப்பிட்டதும் வேப்பைக் கழற்றிக் கொண்டுவந்து துண்டின்மேல் வைப்பார். கழுவ ஒன்றுமில்லாத காயிலைக் கழுவினேன். எரிக்கக் கரியில்லாத கம்பியை எரித்தேன்.

ஒருநாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது ஃபாக்டரிக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டை முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, சிகரெட் புகை. ஒருகாலத்தில் படிக்கட்டில் வந்தால் தோசைக்கல்லை வைத்த அதே வாடை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க முடியவில்லை. அவர் பேசாமல் இருப்பாரே தவிர என்னிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை. நான் கேட்டு, அவர் இல்லை என்று சொல்லி, அது பொய்யாக இருந்தால், அப்புறம் அந்த மழையில் நடந்து வந்ததையும் சந்தேகப்படுவேன். அது எனக்கு வேண்டாம். வார்டில் தலையணையில் சாய்ந்து தூங்குகிறவர்களைப் பார்க்கிறபோதெல்லாம் இவர் முதுகு தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் மிதியடியில் நின்று சாம்பார் எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.

6

தை மாதம் இவர் தம்பி சுந்தருக்குக் கூடுவாஞ்சேரியில் கிரகப்பிரவேசம். ஒரு லேஅவுட்டில் சின்னதாகக் கட்டியிருந்தான். எலி வளையானாலும் தனி வளை என்று அவனுக்கு ஒரே பெருமை. ஃபோனில் வரச் சொன்னவன், “அண்ணி, அண்ணன் வச்சிருக்கற அந்த மெஷின மட்டும் கொண்டாந்துடாதீங்க. ஏர்போர்ட்லயே புடுங்கிடுவாங்க” என்று எச்சரித்தான். சட்டம் சட்டம்தான். வேப்பை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். தடை செய்த சாமானை விட்டுவிட்டு, பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை சிகரெட் கிடைக்கும் ஊருக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போகிறேனே என்று விமானத்தில் எனக்குக் கண் மூடவில்லை. இவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

செம்பாக்கத்தில் அக்கா வீட்டில் தங்கினோம். ஏரியைச் சுற்றி அடுக்குமாடிகள் வந்துவிட்டன. எங்கள் பழைய போர்ஷன் இருந்த இடத்தில் கீழே பைக் ஷோரூம், மேலே டியூஷன் சென்டர். ஆனால் காலையில் அதே ஈர வாடை வந்தது. கண்ணைத் திறக்காமல் படுத்துக்கொண்டு, திறந்தால் எந்த வீட்டில் இருப்பேன் என்று கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

கூடுவாஞ்சேரியில் ஹோமப் புகை கூடம் முழுக்கச் சூழ்ந்தபோது எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள், நான் இவர் நெஞ்சைப் பார்த்தேன். இருமுகிறாரா, எத்தனை தரம் இருமுகிறார். இவர் இரண்டு தடவை கனைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். சுந்தரின் மனைவி என் காதருகே, “அக்கா, அவரையே பாத்துட்டு இருக்கீங்க, புதுப் பொண்ணு மாதிரி” என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

தினமும் காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “டீ குடிச்சிட்டு வரேன்” என்று கிளம்புவார். அக்கா வீட்டில் டீ இல்லையா? தாம்பரம் வரை போக வேண்டுமா? திரும்பி வரும்போது படிக்கட்டில் அந்த வாடை வந்தது. அக்கா தோசைக்கல்லை வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

7

இங்கிலாந்துக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, இவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நானும் ஒரு ஆட்டோ பிடித்துத் தாம்பரத்துக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. பிடித்தபின் என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை.

டீக்கடை அதே சந்தில், புதிய போர்டோடு இருந்தது. இவரும் பழனியும் ஓரமாக நின்றிருந்தார்கள். பழனிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வாயில் சிகரெட். பாதி இழுத்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலே அதை இவரிடம் நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டார். விரல் இடுக்கில் வைத்துக்கொண்டார். என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

“கீழ போடுங்க அத!”

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. இவர் அசையவில்லை. பழனிதான் பதறிப்போய் முன்னால் வந்தார்.

“அட, வா தங்கச்சி! இன்னாத்துக்கு இப்டி கத்துறே? நல்லா கீறியா?”

“அண்ணா, இவர் ஆஸ்பத்திரில கெடந்தது உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் குடுக்கறீங்களே?”

பழனி முகத்தில் கோபம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது. “குடுத்தா மட்டும் இன்னா? இவன் வாய்ல வெக்கவே மாட்றான் தங்கச்சி. வந்த நாள்லருந்து பாக்குறேன். பாதி குடுத்தா வாங்கிக்கிறான், கையில வச்சிக்கினு நிக்கிறான், அது தானா எரிஞ்சி சாம்பலாவுது. வோணாம்னா வோணாம்னு சொல்றா மச்சான்னா அதுவும் சொல்ல மாட்றான். தெனமும் இதே பேஜாரு.”

நான் இவர் கையைப் பார்த்தேன். சிகரெட் விரல்வரை எரிந்து வந்திருந்தது. சாம்பல் உதிராமல் வளைந்து நின்றது. அதை வடிகால் ஓரமாகத் தட்டிவிட்டு, அணைத்துப் போட்டார்.

“எப்பலருந்து?” என்றேன்.

“கோடையிலருந்தே. சிகரெட்டும் இல்ல, அதுவும் இல்ல. ஒருநாள் பொத்தான அழுத்தப் புடிக்கல. விட்டுட்டேன்.”

“கோட்டுல வாடை?”

“பிரேக்ல எல்லாரும் ஷெட்டுக்குப் பின்னாடி போயிதான் தம் அடிப்பாங்க. நானும் போய் நிப்பேன். பேச்சு அங்கதான இருக்கு.” விரலில் ஒட்டிய சாம்பலைத் துடைத்துக்கொண்டு, “புகைய விட்டுட்டேன், அந்த எடத்த விட முடியல கோமு” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சந்தோஷம்தான் முதலில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் குளியலறையில் உட்கார்ந்திருந்தது, கோட்டை முகர்ந்தது, விமானத்தில் விழித்திருந்தது எல்லாம் ஒன்றாக ஏறி வந்தது.

“அப்ப ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஏன் கொண்டாந்து வச்சீங்க? வெள்ளப் பஞ்ச நான் எத்தன வாரம் மாத்தினேன்! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

இவர் காலி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். பழனி ஏதோ சொல்ல வந்தவர், வேண்டாம் என்று கடைக்காரரிடம் போய் எனக்கு ஒரு டீ சொன்னார்.

“மொதல்ல கொஞ்ச நாள் சும்மாவாச்சும் ரெண்டு இழுப்பு இழுத்து, பஞ்ச பழுப்பாக்கிக் குடுத்தேன்” என்றார். “அப்புறம் அதுவும் முடியல. நீ பாத்துட்டேன்னு தெரியும். ஏதாவது கேப்பேன்னு பாத்தேன். நீ கேக்கல. புதுப் பஞ்சு வெட்டுன. சரி, உனக்கும் அது வேணும்போலன்னு நெனச்சேன்.”

“எது?”

“அந்த மேசதான். வேப்ப விட்டுட்டேன்னு சொன்னா கழுவ ஒண்ணும் இருக்காது. துண்ட மடிச்சி வச்சிருவ. அப்புறம் நீ டிவிக்குப் போயிருவ, நான் தூங்கப் போயிருவேன். மறுபடி சாம்பார் எங்க இருக்குன்னுதான் பேசிக்கணும். எனக்கு அத விட முடியல.”

பழனி டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இருவரும் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பேருந்துகள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நாலு பேர் பார்க்க, அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தேன்.

“மூச்ச நல்லா இழுத்து விடுங்க” என்றேன்.

இழுத்தார். விட்டார். கரகரப்பில்லாமல் அடிவரைக்கும் போய் வந்தது. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவரே இழுத்தார். எனக்குக் கண் நிறைந்து ரோடு கலங்கித் தெரிந்தது. கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்.

“அங்க போனதும் ஞாயித்துக்கெழம என்ன பண்றது? கழுவறதுக்குத்தான் ஒண்ணும் இல்லியே.”

“சும்மா உக்காரலாம்” என்றேன்.